பழைய சவரக்கத்தி



லெந்து காலத்தின் முதல் வாரத்தில் நம் சபைச் சகோதரர் ஒருவர் ஒரு துணிப் பொட்டலத்தோடு குருமனைக்கு வந்தார். திருமங்கலத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். பொட்டலத்தில் அவருடைய காலஞ்சென்ற தகப்பனாரின் சவரக்கத்தி இருந்தது.

“அப்பாவோட அடப்பத்துக்குள்ள கெடந்துச்சு, ஐயா. பழைய சாமானையெல்லாம் நீங்க சரி பண்ணுவீங்கன்னு சொன்னாங்க. ஆகலைன்னா எடைக்குப் போட்டுர்றேன்” என்றார்.

அந்தக் கத்தியை நான் அறிவேன். அவருடைய தகப்பனாரே எங்கள் ஊருக்கு முடிதிருத்தியவர். என் தகப்பனாரின் முகத்தில் வாரந்தோறும் அந்தக் கத்தி நடந்ததைச் சிறுவயதில் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இதை அந்தச் சகோதரரின் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

மடக்குக் கத்தி அது. பிடிக்குள் அலகு ஒடுங்கும். அலகின் அடிப்பகுதியில், தேய்ந்த எழுத்துகளில் ‘சோலிங்கன்’ என்று பொறித்திருந்தது. கத்தித் தொழிலுக்குப் பேர்போன ஜெர்மானிய நகரம் அது. தன் பெயரைப் பிறர் திருடாதபடி 1938-ல் சட்டப் பாதுகாப்பே பெற்ற ஊர். எங்கோ வார்த்த எஃகு, கரிசல் காட்டு ஊரொன்றின் வேப்பமரத்தடி வரை வந்து உழைத்திருக்கிறது. 1986-ல் சென்னையில் எச்.ஐ.வி. கிருமி நம் நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அந்த நோயைப் பற்றிய விழிப்பு பரவிய ஆண்டுகளில், ஆளுக்கொரு புது பிளேடு என்ற வழக்கம் கடைகளில் நிலைத்தது. இத்தகைய கத்திகள் அடைப்பத்திற்குள்ளேயே உறங்கிப்போயின.

சனிக்கிழமை மாலைகளில் வேலையைத் தொடங்கினேன். சாணைச் சக்கரத்தில் பிடித்தால் கால்மணி நேரத்தில் பளபளத்துவிடுமே என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். ஆனால் சக்கரத்தின் சூடு மெல்லிய அலகின் பதத்தை அழித்துவிடும். எஃகு நீலம் பாய்ந்துவிட்டால் பிறகு கூர் நிற்காது. ஆகவே மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் செந்துருவைத் துடைத்தேன். பின்பு தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளை எடுத்துக்கொண்டேன். முதலில் 400, அடுத்து 600, பின்பு 1000, இறுதியில் 2000 எனப் படிப்படியாக நயமான தாளுக்கு மாறி, அலகின் நீளவாக்கில் தேய்த்தேன். விரலைக் கூர்ப்பக்கம் கொண்டுபோகாமல், முதுகுப்பக்கமிருந்தே அழுத்த வேண்டும்.

துரு நீங்கியபின் கருங்குழிகள் தெரிந்தன. துரு உள்ளே இறங்கித் தின்ற இடங்கள் அவை. எல்லாக் குழிகளையும் தேய்த்து அழிக்க முனைந்தால், குழியோடு அலகும் போய்விடும். அலகின் நடுவிலுள்ள குழிகளை விட்டுவிடலாம். கத்தி அவற்றோடு உழைக்கும். ஆனால் கூரின் விளிம்பில் ஒரு சிறு குழியும் இருக்கலாகாது. அந்த இடம் உதிர்ந்து, அடுத்தவர் தோலைக் கிழித்துவிடும். பழுதற்ற எஃகு வரும்வரை விளிம்பைக் கல்லில் தேய்த்தே ஆகவேண்டும்.

அப்படித் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் அந்தத் தம்ளர் என் நினைவுக்கு வந்தது.

எங்கள் வீட்டின் பின்திண்ணையில், கூரை இறவாணத்தில், ஒரு தனித் தம்ளர் செருகியிருக்கும். சவரம் முடிந்தபின் அவருக்குக் காப்பி அதில்தான். நாங்கள் தினந்தோறும் குடும்ப ஜெபம் செய்த கிறிஸ்தவக் குடும்பம். என் தகப்பன் வயதுள்ள அவரை நான் “ஏப்பா, இங்க வா” என்றே அழைத்தேன். அவரோ என்னைச் “சின்னய்யா” என்றார். அரசரடியில் இறையியல் பயின்றபோது, சகல மனிதரும் தேவசாயல் என்று தேர்வில் பக்கம் பக்கமாக எழுதினேன். நான் போதகராக அபிஷேகம் பெற்ற நாளில் அவர் வந்து ஆலயத்திற்கு வெளியே மதிலோரம் நின்றார். பார்த்தேன். விருந்துப் பந்திக்கு வாருங்கள் என்று அழைக்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் அதை ஒருவரிடமும் அறிக்கையிடவும் இல்லை.

எசேக்கியேல் தீர்க்கதரிசியின் 5-ஆம் அதிகாரத்தை நினைவுகூருங்கள். எருசலேமின்மேல் வரும் நியாயத்தீர்ப்பைக் காண்பிக்கும்படி, கூர்மையான சவரகன் கத்தியைத் தன் சொந்தத் தலையிலும் தாடியிலும் இட்டுக்கொள்ள கர்த்தர் அவருக்குக் கட்டளையிட்டார். நகரத்தைக் குறித்துப் பேசுமுன், கத்தி முதலில் பேசுகிறவன்மேல் நடந்தது. பல ஆண்டுகள் அந்தப் பகுதியைப் பிரசங்கித்திருக்கிறேன். கத்தி என் கையில் இருந்த அந்த மாலையில்தான் அது எனக்குப் புரிந்தது.

கல்லில் தீட்டுகையில் முதுகும் கூரும் சேர்ந்தே கல்லில் படியவேண்டும். முதுகின் கனமே சரியான கோணத்தைத் தரும். கல்லில் கூர் முன்னே செல்லும். இறுதியாகத் தோல்வாரில் தீட்டும்போது முதுகு முன்னே செல்லும். இதை மாற்றிச் செய்தால் கூர் தோலில் இறங்கி, வாரும் கெடும், கத்தியும் கெடும். ஆறாவது சனிக்கிழமை, முன்கை ரோமத்தில் தொட்டவுடன் ஓசையின்றி அறுத்தது.

கத்தியைக் கொடுக்க நானே திருமங்கலம் போனேன். தியாகி விஸ்வநாததாஸின் நினைவு இல்லம் உள்ள ஊர் அது. சவரத் தொழிலாளர் குலத்தில் 1886-ல் பிறந்தவர். மேடையில் விடுதலைப் பாடல்களைப் பாடிச் சிறை சென்றவர். 1940 டிசம்பர் 31 அன்று முருகன் வேடத்தில், மேடையிலேயே உயிர்நீத்தவர். அவருடைய குலத்தின் காரணமாக அவரோடு நடிக்க மறுத்தவர்கள் உண்டு. அவர்களை எண்ணி வருந்தும் தகுதி எனக்கு உண்டா என்ற கேள்வியோடு கடைக்குள் நுழைந்தேன்.

கத்தியைக் கொடுத்துவிட்டு, தம்ளரைப் பற்றியும் மதிலோரத்தைப் பற்றியும் சொன்னேன். மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் கத்தியை விரித்து, வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார்.

“தம்ளர் விஷயம் அப்பா சொல்லியிருக்காரு, ஐயா. அதுல ஒருநாளும் முழுசாக் குடிச்சதில்லையாம். பாதியை வேப்பமரத்துக்கு ஊத்திட்டு வந்துருவாராம்.”

என்னிடம் மறுமொழி இல்லை. சற்றுப் பொறுத்து, “ஒக்காருங்க” என்று நாற்காலியைத் திருப்பினார். தகப்பனாரின் கத்தியை மடித்து, கண்ணாடி முன் அவருடைய படத்தருகே வைத்தார். புது பிளேடு ஒன்றைப் பிரித்து எனக்குச் சவரம் செய்தார். முடிந்ததும் பக்கத்துக் கடையிலிருந்து வந்த இரண்டு தேநீரில் ஒன்றை என்னிடம் நீட்டினார். முழுவதையும் குடித்தேன்.

பிரியமானவர்களே, அவருடைய தகப்பனாரிடம் நான் சொல்லியிருக்க வேண்டியதை இனிச் சொல்ல முடியாது. அந்தக் குழி அலகில் இருக்கும். ஆனால் உயிரோடிருப்பவர்களின்மேல் படுகிற விளிம்பு இன்னும் நம் கையில் இருக்கிறது. உங்கள் வீட்டு இறவாணத்தில் யாருக்கான தம்ளர் இருந்தது? அவரோ அவருடைய பிள்ளைகளோ எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். இந்த வாரமே போய்வாருங்கள்.

கர்த்தர் அதற்கான தாழ்மையை நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.