பட்டுப்போன முகூர்த்தக்கால்

சங்கப் பாடல்களில் கவிர் என்றொரு பூ வருகிறது. பெண்ணின் சிவந்த வாய்க்கும் சேவலின் கொண்டைக்கும் அதனை உவமையாக்கியிருக்கிறார்கள். வகுப்பில் இதனை விளக்கும்போது, "நம் வீடுகளில் வடைக்கு இலை பறிக்கிறோமே, அந்த முள்முருங்கைதான்" என்பேன். மாணவர்களின் முகம் மலரும். 2008-ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அந்தப் பூவைக் காட்ட முடியுமா?" என்று கேட்டாள். நாளை கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு, அன்று மாலையே சிறுமலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போய் வேலி வேலியாகச் சுற்றினேன். ஒரு பூகூடக் கிடைக்கவில்லை. தளிர்கள் வீங்கி, இலைக்காம்புகள் முறுக்கிக்கொண்டு, மரங்கள் பெருவியாதிக்காரர்களைப் போல் நின்றன.

அந்த வீக்கத்தை நான் முதன்முறையாகப் பார்க்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைக்கிறது.

அதற்கு முந்தைய ஆவணியில் என் தங்கைக்குத் திருமணம். முகூர்த்தக்காலுக்குக் கல்யாண முருங்கைக் கொம்பு வெட்டிவரும் பொறுப்பு என்னுடையது. அம்மா வளர்த்த மரத்தில் ஆங்காங்கே சிறு முடிச்சுகள் இருந்தன. ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்று எண்ணி, பார்வைக்கு நன்றாயிருந்த கொம்பு ஒன்றை வெட்டினேன். மணம் முடிந்தபின் வழக்கப்படி அது மாப்பிள்ளை வீட்டுக் கொல்லையில் நடப்பட்டது. அந்தக் கால் தழைத்தால் குடும்பம் தழைக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கொம்பு துளிர்த்தது. துளிர்கள் வீங்கின. பிறகு அது பட்டுப்போனது. அடுத்த ஆண்டில் அந்த வீட்டு வேலியில் நின்ற முருங்கைகளும் ஒவ்வொன்றாகப் பட்டன.

"அண்ணே, கால் பட்டுப்போச்சு. அத்தை ஒரு மாதிரியாப் பேசுறாங்க" என்று தங்கை தொலைபேசியில் சொன்னபோது, அதெல்லாம் மூடநம்பிக்கை என்று அறிவுரை கூறினேன். அவளுக்குக் குழந்தை பிறக்கத் தாமதமான மூன்று ஆண்டுகளும் அந்தப் பட்ட கொம்பின் பெயரால் அவள் கேட்ட சொற்கள் பல. படித்த அண்ணனின் அறிவுரையால் அவற்றில் ஒன்றுகூடக் குறையவில்லை.

எங்கள் கல்லூரியின் தாவரவியல் துறை நண்பரிடம் வீங்கிய தளிர் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சவரத் தகட்டால் அதனைக் கீறிக் காட்டினார். உள்ளே சிறு சிறு அறைகள். அறைக்கு ஒன்றாக வெண்ணிறப் புழுக்கள். மற்றொரு தளிரைக் கண்ணாடிக் குப்பியிலிட்டுத் துணியால் வாயைக் கட்டி வைத்தார். சில நாள்களில் குப்பிக்குள் கடுகினும் சிறிய குளவிகள் ஊர்ந்தன. பெண் குளவியின் நீளமே ஒன்றரை மில்லிமீட்டர்தான். அது இளந்தளிருக்குள் முட்டையிடுகிறது. புழு வளர வளர, அதனைச் சுற்றியுள்ள திசு பருத்து முடிச்சாகிறது. மரம் தன் உணவைக் கொண்டு தன் பகைவனுக்கே வீடு கட்டிக் கொடுக்கிறது. முட்டை குளவியாவதற்கு ஏறக்குறைய 20 நாள் போதும். மரம் அடுத்த தளிரை விடுவதற்குள் அடுத்த தலைமுறை காத்திருக்கும்.

அந்தக் குளவிக்குக் குவாட்ராஸ்டிகஸ் எரித்ரினே என்று பெயர் சூட்டியதே 2004-இல்தான். மொரீசியஸ், ரீயூனியன், சிங்கப்பூர் ஆகிய இடங்களில் கிடைத்தவற்றைக் கொண்டு அதனை விவரித்தார்கள். 2005-இல் ஹவாய்த் தீவுகளில் கண்டார்கள். அடுத்த ஆண்டு கேரளத்தில் மிளகுக்கொடி படர விட்டிருந்த முருக்குகளில் அது இருப்பது பதிவாயிற்று. கடல் கடந்து வந்த அந்தப் பூச்சியை எங்கள் ஊரிலிருந்து தங்கையின் ஊருக்கு, மஞ்சளும் குங்குமமும் இட்டு, மேளதாளத்தோடு கொண்டுசேர்த்தவன் நான்.

மரத்தைத் தின்னும் பூச்சிகள் எல்லாம் ஒரே தன்மையுடையன அல்ல என்பதை நண்பர் நிலம்பூரைக் காட்டி விளக்கினார். அங்குள்ள தேக்குத் தோட்டங்களில் மழை தொடங்கும் காலத்தில் இலைதின்னிப் புழுக்கள் பெருகி, சில நாள்களில் மரங்களை மொட்டையாக்கிவிடுகின்றன. ஆயினும் தேக்கு சாவதில்லை, மறுபடி தழைக்கிறது. இழப்பு வளர்ச்சியில்தான். இளந்தேக்குத் தோட்டங்களில் அது பெற்றிருக்கக்கூடிய வளர்ச்சியில் 44 விழுக்காடு வரை குறைவதாகப் பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தார் கணக்கிட்டார்கள். அந்தப் புழுவை மட்டும் தாக்கும் வைரஸ் ஒன்றையும் அவர்கள் பயன்படுத்திப் பார்த்தார்கள். மரமும் புழுவும் புழுவின் நோயும் ஒரே மண்ணில் நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்தவை. வந்தேறிக் குளவியின் கதை வேறு. அது தன் பகைவர்களைப் பிறந்த மண்ணிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டது.

அப்படியானால் அந்தப் பகைவரைத் தேடிப்போவதே வழி. ஹவாயில் அதைத்தான் செய்தார்கள். அங்கே விலிவிலி என்று ஒரு மரம் உண்டு; நம் முள்முருங்கையின் தாயாதி. உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதது. குளவியால் அது அழியும் நிலைக்கு வந்தது. தான்சானியாவில் கண்டெடுத்த யூரிடோமா எரித்ரினே என்ற மற்றொரு குளவியை, அது வேறு எதற்கும் கேடு செய்யாது என்று சோதித்து உறுதி செய்தபின், 2008 நவம்பரில் விடுவித்தார்கள். அதன் புழு முடிச்சுக்குள் புகுந்து உள்ளிருக்கும் புழுக்களைத் தின்றுவிடும். இலைகள் மீண்டன. பூவிலும் காயிலும் மட்டும் முழு வெற்றி கிடைக்கவில்லை.

நஞ்சு தீர்வாகாதா என்று கேட்டேன். அடிமரத்தில் மருந்தைச் செலுத்திச் சில மரங்களைக் காக்கலாம்; காட்டையே அப்படிக் காக்க முடியாது என்றார். இலையை நாம் உண்கிறோம். பூவின் தேனைப் பறவைகள் உண்கின்றன. வீட்டு மரத்துக்கு அவர் சொன்ன வழி எளியது: வீங்கிய கிளைகளை வெட்டி, அங்கேயே எரித்துவிட வேண்டும். நோய்ப்பட்ட இடத்திலிருந்து போத்து எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது. இரண்டாவதைக் கேட்டபோது தலை குனிந்தேன்.

அம்மா இருந்தவரை நானும் அவரும் அந்த மரத்தை ஆண்டுதோறும் வெட்டி எரித்தோம். அது சாகவில்லை. இப்போதும் சில தளிர்களில் முடிச்சு தென்படத்தான் செய்கிறது. ஆனாலும் சளி பிடித்த நாளில் வடைக்கு வேண்டிய இலை கிடைக்கிறது. சென்ற மாசியில் இரண்டு கிளைகள் பூத்தன. ஒரு கொத்தை வகுப்புக்குக் கொண்டுசென்றேன். அன்று கேட்ட மாணவி இப்போது எந்த ஊரிலோ.

அதே வாரம் தங்கை வீட்டுக்கும் போயிருந்தேன். அவள் மாமியாருக்கு வயதாகிவிட்டது. "அத்தை, அன்னைக்கு அந்தக் கால் பட்டதுக்கு நான்தான் காரணம். கொம்புலயே பூச்சி இருந்துச்சு" என்று சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இத அப்பவே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார்.

தங்கை அடுப்படியில் நின்றிருந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.