ரஜூலா கப்பலும் ராஜா வீட்டுச் சம்பந்தமும்

நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறிப் பினாங்கு போன என் தாத்தா, கல்யாண வீடோ கருமாதி வீடோ, நாலு பேர் கூடிவிட்டால் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்: “நான் போன கப்பல் லேசுப்பட்ட கப்பல் இல்ல. அந்தக் கப்பல்காரன் ராஜா வீட்டுச் சம்பந்தி.” எந்த ராஜா என்று கேட்டால் பதில் வராது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்துவிடுவார். லண்டன் ராஜாதான் என்று பாட்டி முடிவுகட்டி, பேரன் பேத்திகள் வரை அதைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கப்பல் கம்பெனிக்காரன் வீட்டில் பெண் எடுத்ததாக எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் கிடையாது. அந்த எரிச்சலில்தான் ரஜூலா முதலாளியின் வம்சாவளியைத் தேடப் புறப்பட்டேன்.

சந்தேகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் திருமலைராயன்பட்டினத்துக்காரர்கள் சம்பந்தம் கொண்டாடுவதில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் கடலாட எங்கள் கடற்கரைக்கு வருவார். பட்டினச்சேரி மீனவர்கள் அவரைச் சாமி என்று கூப்பிடமாட்டார்கள், மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். பத்மினி நாச்சியார் அவர்கள் வீட்டுப் பெண். பெருமாளையே மாப்பிள்ளையாக்கிய ஊர், ஒரு கப்பல் முதலாளிக்கு ராஜ சம்பந்தம் முடித்துக் கொடுக்காதா?

ரஜூலா யாருடையது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. வாய்க்கு வந்தது பி.ஐ. 1926-ல் கிளாஸ்கோவில் கட்டி, மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடவிட்டார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்ற கப்பல். எங்கள் ஊரோ 1954 நவம்பர் வரை பிரெஞ்சுக்காரன் கையில். எல்லையிலுள்ள வாஞ்சூரைத் தாண்டினால் எல்லாமே இங்கிலீஷ்தான்: இங்கிலீஷ் போலீஸ், இங்கிலீஷ் காசு, இங்கிலீஷ்காரன் கப்பல். கம்பெனியின் வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்ததும் முதலில் விழுந்தது அந்த இங்கிலீஷ்தான். பி.ஐ.யைத் தொடங்கிய வில்லியம் மெக்கின்னன் ஸ்காட்லாந்துக்காரர்.

அவரைப் பற்றிப் போர்ப்ஸ் மன்ரோ என்ற ஆய்வாளர் 2003-ல் தடித்த புத்தகமே எழுதியிருக்கிறார். 1823-ல் கேம்பல்டவுன் என்ற கடலோரச் சிற்றூரில் பிறந்து, மளிகை வியாபாரத்தில் தொழில் பழகி, 1847-ல் வங்காளம் வந்தவர் மெக்கின்னன். பள்ளித் தோழர் ராபர்ட் மெக்கென்சியோடு கூட்டுச் சேர்ந்தார். மெக்கென்சி 1853-ல் கப்பல் உடைந்து கடலில் போய்விட்டார். மெக்கின்னன் 1856-ல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் தபால் சுமக்கும் நீராவிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தார். 1862-ல் அதற்குத்தான் பிரிட்டிஷ் இந்தியா என்ற பெயர் வந்தது. 1889-ல் பாரனெட் என்ற பரம்பரைப் பட்டம். 1893-ல் காலமானார். பிள்ளை இல்லை. பட்டமும் அவரோடு போயிற்று.

வம்சாவளி வரைய எடுத்துவைத்த தாளில் ஒரே ஒரு பெயர். பிள்ளையே இல்லாத வீட்டுக்குச் சம்பந்தி எங்கிருந்து வருவான்? ஆனாலும் விடவில்லை. மெக்கின்னனைச் சுற்றி டங்கன், பீட்டர் என்று ஒரு மருமகன் பட்டாளமே இருந்தது. அவர்களுடைய பெண்டாட்டிமார், மச்சினர்மார் என்று ஒவ்வொருவராகத் துருவினேன். ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. கிளாஸ்கோ வியாபாரிகள் கிளாஸ்கோ வியாபாரிகள் வீட்டிலேயே பெண் எடுத்திருந்தார்கள். வெகுநாள் அங்கேயே கிடந்தேன்.

அங்கிருந்து என்னைக் கிளப்பியவர் மரைக்காயர் மாமா. தொண்ணூறைத் தொட்டவர். ஐம்பதுகளில் ரஜூலாவில் போய்வந்தவர். தாத்தாவின் கடைசிக்காலப் பேச்சுத்துணை. அவரிடம் எதைக் கேட்டாலும் கேட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்வார்.

“முதலாளி யாருன்னு கேக்குறியே மாப்ளே, பாய் விரிக்க எடம் கெடைச்சுதான்னு கேக்க மாட்டேங்கிறியே.”

இடம் பிடித்த கதையை அவர் சொல்லிமுடிக்க ஒரு மாலைப் பொழுது போயிற்று. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய் ஏணி பிடித்து ஏற வேண்டும். படகு மேலே தூக்கும்போது ஏணியில் கால் வைக்க வேண்டும், கீழே இறங்கும்போது வைத்தால் தொலைந்தோம். ஏறினவுடன் ட்ரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் பாயை விரித்துவிட வேண்டும். புகைபோக்கிக்குப் பக்கம் சூடு, ஓரத்தில் சாரல், கக்கூஸ் பக்கம் சொல்லவே வேண்டாம். நடுவில் கிடைத்தால் அவன் நல்ல நேரக்காரன். புகைபோக்கி எப்படி இருந்தது என்று கேட்டுப் பார்த்தேன். “கறுப்பு. நடுவுல ரெண்டு வெள்ளைப் பட்டை” என்றார். பி.ஐ. கப்பல்களின் அடையாளம் அச்சாக அதுதான். ஞாபகத்தில் பழுதில்லை என்று தெரிந்துகொண்டு, சம்பந்தி விஷயத்தை மெல்ல எடுத்தேன்.

“உங்க தாத்தா பொய் சொல்லல. பினாங்குல பேசிக்கிட்டதுதான் அது. நானே கேட்டிருக்கேன்.”

“லண்டன் ராஜாவா மாமா?”

“லண்டன் ராஜாவைப் பத்தி அங்க எவன் பேசுனான்? அந்தப் பக்கத்து ராஜாதான்.”

எந்தப் பக்கம் என்று கேட்டால், மறுபடியும் பாய், ஏணி, சாரல்.

அந்தப் பக்கம் என்றால் மலாய் நாடு. சுல்தான்களின் வீட்டுக்குள் புகுந்தேன். ஜோகூர் சுல்தான் இப்ராகிம் 1930-ல் ஹெலன் என்ற ஸ்காட்லாந்துப் பெண்ணைக் கல்யாணம் செய்திருக்கிறார். ராஜா, ஸ்காட்லாந்து, காலமும் பொருந்துகிறது! கை பரபரத்தது. துருவிப் பார்த்தால் அந்த அம்மாள் ஒரு டாக்டரிடமிருந்து விவாகரத்து வாங்கியவர். கப்பல் கம்பெனிக்கும் அவருக்கும் பயணச் சீட்டு அளவுக்குக்கூடச் சம்பந்தமில்லை.

அப்புறம்தான் நம் நகரத்தார் கடைகள் நினைவுக்கு வந்தன. பர்மாவிலும் மலாயாவிலும் அவர்கள் கடை நடத்தியபோது முதலாளி காரைக்குடியில் இருப்பார். கடையில் மேலாள் ஒருவர், அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். பையனாகச் சேர்ந்தவன் மேலாளாகி, பிறகு தானே முதலாளி ஆவதும் உண்டு. மெக்கின்னன் வீட்டில் பிள்ளையைத் தேடுவதைவிட, அவர் கல்கத்தாக் கடையில் அடுத்தாளைத் தேடினால் என்ன?

தேடினால், அங்கே உட்கார்ந்திருந்தார் ஜேம்ஸ் லைல் மெக்கே. ஆர்ப்ரோத் என்ற ஸ்காட்லாந்துத் துறைமுக ஊரில் 1852-ல் பிறந்த கப்பல் தலைவர் மகன். 1874-ல் கல்கத்தாவுக்கு வந்து மெக்கின்னன் மெக்கென்சி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர், படிப்படியாக அதையே கைக்குள் கொண்டுவந்தார். 1911-ல் பிரபு ஆனபோது தேர்ந்தெடுத்த பட்டம் இன்ச்கேப். அது அவர் ஊருக்கு எதிரே கடலில் கப்பல்களை உடைத்துவந்த பாறையின் பெயர். கப்பல் முதலாளிக்கு இப்படி ஒரு தைரியம்! 1914-ல் பி.ஐ.யும் பி அண்ட் ஓ.வும் இணைந்தபோது, அந்தப் பெரிய கூட்டுக்கும் தலைமை அவர்தான். அல்பேனியா நாட்டு மன்னர் பதவியையே அவருக்குக் கொடுக்க முன்வந்தார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இந்தக் குடும்பத்தின் கை எங்கள் வீட்டுக்குள்ளும் நீண்டிருந்தது. மதராசில் பி.ஐ.யின் ஏஜெண்டு பின்னி கம்பெனி. 1906-ல் ஆர்பத்நாட் வங்கி கவிழ்ந்த புயலில் பின்னியும் தடுமாறியபோது அதை எடுத்து நிறுத்தியவர் இதே மெக்கே. தாத்தா வாழ்நாள் முழுக்கப் பின்னி துணியைத் தவிர வேறு துணி தைத்ததில்லை. ஏறின கப்பலும் போட்ட சட்டையும் ஒரே முதலாளியுடையவை. வ.உ.சி. மோதிய கம்பெனியும் இதே பி.ஐ.தான். அதைத் தாத்தா ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்குத் தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

மெக்கேக்கு ஒரு மகன், நாலு மகள்கள். மூன்றாவது மகள் எல்சி, சினிமாவில் நடித்தவர், பி அண்ட் ஓ கப்பல்களின் உள் அலங்காரத்தைக் கவனித்தவர், விமானம் ஓட்டியவர். 1928 மார்ச்சில் அட்லாண்டிக்கைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடக்கப் பறந்து, காணாமல் போனார். 1932-ல் தகப்பனார் காலமானதும் பி அண்ட் ஓ.வின் தலைமை மகனுக்குப் போகவில்லை. மூத்த மாப்பிள்ளை அலெக்சாண்டர் ஷாவுக்குப் போயிற்று. மெக்கின்னனிடமிருந்து மருமகன்மாருக்கு, அவர்களிடமிருந்து கடைப்பையனாக வந்தவருக்கு, அவரிடமிருந்து மாப்பிள்ளைக்கு. தகப்பனுக்குப் பின் மகன் என்று ஒரு தடவைகூட இறங்காத வம்சம் இது.

மகன் கென்னத்துக்குக் கிடைத்தது இன்ச்கேப் பட்டம். கூடவே, 1933-ல் ஒரு கல்யாணம். பெண் லியோனோரா புரூக். தகப்பனார் சார்லஸ் வைனர் புரூக், போர்னியோத் தீவில் சரவாக் நாட்டு ராஜா.

அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். 1841-ல் ஜேம்ஸ் புரூக் என்ற இங்கிலீஷ்காரர் புருணை சுல்தானுக்காகக் கலகத்தை அடக்கிக் கொடுத்து, கூலியாகச் சரவாக்கை வாங்கிக்கொண்டார். 1946 வரை மூன்று தலைமுறை வெள்ளைக்கார ராஜாக்கள். வைனர் கடைசி ராஜா. தாத்தா பினாங்கு போனது இந்தக் கல்யாணத்துக்கு ரெண்டு வருஷம் கழித்து. சூடு ஆறாத செய்தி. கப்பல்காரன் ராஜா வீட்டுச் சம்பந்திதான், பாட்டி கட்டிய முடிச்சில்தான் ராஜா மாறிப்போனார்.

ஓடிப்போய் மரைக்காயர் மாமாவிடம் சொன்னேன். அவர் அசையவில்லை.

“வெள்ளைக்கார ராஜா வீட்டுல வெள்ளைக்காரன் பொண்ணு எடுத்திருக்கான். இதுல என்ன அதிசயம்? அவன் வர்றதுக்கு முன்னாடியே எங்க ஆளுக கெடாவுக்குப் பாய்க்கப்பல் ஓட்டுனவங்க. அவங்க வம்சத்தை எவன் எழுதுனான்?”

வம்புக்குப் பேசுகிறார் என்று விட்டுவிட முடியவில்லை. 1786-ல் பிரான்சிஸ் லைட் பினாங்கைப் பிடித்தார். எட்டு வருஷம் கழித்து, சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல்கள் ஆண்டுக்கு 1,300 முதல் 2,000 பேர் வரை கொண்டுவருவதாக அவரே எழுதுகிறார். பி.ஐ. பிறக்க இன்னும் அறுபது வருஷத்துக்கு மேல் இருந்த காலம் அது. ஓடியவை நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை மரைக்காயர்களின் பாய்மரங்கள். 1801-ல் பினாங்கில் கப்பித்தான் கிளிங் என்ற தென்னிந்தியர் தலைவர் பதவியும் பள்ளிவாசலுக்கு 18 ஏக்கர் நிலமும் பெற்ற காதர் மொஹிதீன் அந்தக் கூட்டத்து வியாபாரி. அடுத்த தலைமுறையில் முகமது மெரிக்கன் நூர்தீன் சொந்தக் கப்பல்களே வைத்திருந்தார். சூலியா தெருவில் அவர்கள் குடும்பக் கல்லறை இன்றும் இருக்கிறது. நீராவி வந்ததும் மெக்கின்னன் ஆட்கள் எடுத்துக்கொண்டது, ஏற்கெனவே ஆள் போய்வந்துகொண்டிருந்த பாதையை. ஒரு ஸ்காட்லாந்துக் குடும்பத்தின் மருமகன், மச்சினன் வரை என்னால் பெயரோடு சொல்ல முடிகிறது. பக்கத்துத் தெரு மரைக்காயர் வீட்டில் நாலாம் தலைமுறைக்கு மேல் மாமாவாலேயே சொல்ல முடியவில்லை. காரணம் எளிது: மெக்கின்னன் கடிதங்கள் பாதுகாப்பாக லண்டன் போய்ச் சேர்ந்தன.

ரஜூலாவை 1973-ல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி, மறுவருஷம் உடைத்துவிட்டது. அதோடு பிறந்த ரோனாவின் முடிவு கொடுமை. அதே 1926, அதே நாகப்பட்டினப் பாதை. யுத்தத்தில் படைவீரர்களை ஏற்றப் பிடித்துக்கொண்டார்கள். 1943 நவம்பர் 26-ல் அல்ஜீரியக் கரைக்கு அப்பால் ஜெர்மானிய விமானம் விட்ட, ரேடியோவால் திருப்பப்படும் குண்டு அதன் மேல் விழுந்தது. 1,138 பேர் மாண்டார்கள். அவர்களில் 1,015 பேர் அமெரிக்க வீரர்கள். அமெரிக்கா பல வருஷம் அந்தச் செய்தியை வெளியே விடவில்லை. அமெரிக்கர் பெயர்களுக்கு இன்று நினைவுச் சின்னம் இருக்கிறது. அந்தக் கப்பலின் மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள்.

அவர்களில் நம் கரைக்காரர் எத்தனை பேர் என்பதுதான் இப்போது என் தேடல். நாகூர், காரைக்கால், நாகப்பட்டினம் பக்கத்து வீடுகளில் பரணில் கிடக்கும் பெட்டியைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். பி.ஐ. டிக்கெட்டோ, மாலுமிச் சான்றோ, ‘ரோனா’ என்று ஒரு சொல் உள்ள கடிதமோ கிடைத்தால் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.