அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்பது

மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவை நீக்கும் மசோதா 2023-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்க இடம் தந்த பிரிவு அது. 1860-இல் பிரிட்டிஷார் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்திலும் அதே எண்தான். சிங்கப்பூரிலும் 309தான், அங்கே 2020 ஜனவரி 1 முதல் அது இல்லை.

என் சித்தி இந்த எண்ணைக் கேள்விப்பட்டதே கிடையாது. ஆனாலும் அதற்குப் பயந்திருக்கிறார். அந்தப் பிரிவு இருந்த காலத்தில், எஸ்.பி.எம். எழுத வேண்டிய வருடம், அவர் மகனை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வந்தது. டாக்டரிடம் "தெரியாம நடந்துபோச்சு" என்றார். வெளியே வந்து என்னிடம், "போலீஸ் கேசாயிடும்மா, பையன் வாழ்க்கையே போயிடும்" என்றார். உடம்புக்குச் சிகிச்சை நடந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆவணத்தில் அது விபத்து. விபத்தில் சிக்கியவனை யார் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள்?

வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. சித்தி தினமும் அவனுக்குப் பிடித்ததையே சமைத்தார். சித்தப்பா புது போன் வாங்கிக் கொடுத்தார். பெரியம்மா கோயிலில் அர்ச்சனை செய்து விபூதி கொண்டுவந்தார். நடந்ததைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. "ஞாபகப்படுத்திடாதீங்க" என்பதுதான் வீட்டுக்குள் இருந்த சட்டம். அவன் அதை ஒரு நிமிடமாவது மறந்திருப்பான் என்று எப்படி நம்பினார்களோ!

இரண்டு வாரம் கழித்து நான் கேட்டேன். "தம்பி, செத்துடணும்னு இன்னும் தோணுதா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இப்ப இல்லக்கா. ராத்திரியிலதான்" என்றான்.

அந்த ஒரு பதிலில் எவ்வளவோ இருந்தது. எந்த நேரத்தில் யார் அவன் பக்கத்தில் இருக்க வேண்டும், எதையெல்லாம் வீட்டிலிருந்து அகற்ற வேண்டும் என்பது தெரிந்தது. டாக்டரிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்பதும் தெரிந்தது. சித்தி அழுதுகொண்டேதான் கூட வந்தார். ஆனால் வந்தார். பின்னாளில் அவன் சொன்னான்: "நீங்க கேட்டப்ப பயமா இல்லக்கா. யாருக்கோ தெரிஞ்சிருக்கேன்னு இருந்துச்சு."

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை என்றுதான் இதுவரை வந்த ஆய்வுகள் சொல்கின்றன.

இன்று நான் ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். மாணவர்களின் மனநலத்தைக் கண்டறியப் படிவங்கள் இருக்கின்றன; மலாயில். கவுன்சலிங் ஆசிரியர் இருக்கிறார், நல்லவர். அவருக்குத் தமிழ் தெரியாது. நம் பிள்ளைகள் மலாயில் கட்டங்களை நிரப்பிக் கொடுத்துவிட்டு, தமிழ் வகுப்பு முடிந்தபின் மேசை ஓரமாக வந்து நிற்கிறார்கள். "மனசு சரியில்ல டீச்சர்" என்பார்கள். அதற்குப் பின்னால் பரீட்சை பயமும் இருக்கலாம், சாவும் இருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.

கேட்டதும் பெரும்பாலும் வருகிற அடுத்த வாக்கியம், "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க டீச்சர்." அதற்கு நான் வைத்திருக்கும் பதில் இதுதான்: "இதை மட்டும் ரகசியமா வெச்சிருக்க மாட்டேன். ஆனா யார்கிட்ட சொல்றதுன்னு நாம ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணலாம். நானும் கூட வர்றேன்." இதுவரை யாரும் எழுந்து போனதில்லை. கவுன்சலிங் அறையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்கிறேன்.

மலேசியாவில் 15555 என்ற அரசாங்க எண் இருக்கிறது. 1970-இலிருந்து இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் இருக்கிறது: 03-7627 2929. சிங்கப்பூரில் 1767. தமிழில் பேச ஆள் உண்டா என்று முதலிலேயே கேட்கலாம். ஆனால் ராத்திரியில் தனியாக இருப்பவன் எண்ணை அழுத்துவதற்கு முன்னால், பகலில் ஒருவர் அவனிடம் கேட்டிருந்தால் நல்லது.

நம்மில் பலர் அந்தக் கேள்வியை வாழ்நாளில் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. "சாகணும்னு தோணுதா?" இரண்டே சொல். தனியாக இருக்கும்போது ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். தேவைப்படும் நாளில் நாக்கு தடுமாறக் கூடாது.