துப்பாக்கி ஊரில் ஒரு ரவுண்ட்!

திருச்சின்னா மலைக்கோட்டையும் காவிரியும் மட்டுமா? நவல்பட்டு பக்கம் போனா துப்பாக்கித் தொழிற்சாலை! 1966-ல் தொடங்கினது. ராணுவத்துக்கு ரைஃபிள் செய்யற ஊர். ஆனா, ஊர்க்காரர் இடுப்புல ஒரு பிஸ்டல் செருகணும்னா 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேணும்.

ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைப் பிடிச்சு ஸ்ரீரங்கம் வாங்க, ஒரு ஃப்ளாஷ்பேக்! 1801 ஜூன் 16... வெள்ளைக்காரனை எதிர்த்துக் கிளம்பச் சொல்லி, சின்ன மருதுவின் பிரகடனம் இந்தக் கோயில் மதிலிலும் திருச்சிக் கோட்டையிலும் ஒட்டப்பட்டது. அக்டோபரில் மருது சகோதரர்களுக்குத் தூக்கு. டிசம்பரில் சென்னை கவர்னர் கிளைவ் ஆயுதங்களுக்குத் தடை போட்டார். அவர் பயந்தது திருடனுக்கு இல்லை... மக்களுக்கு!

'இப்ப நம்ம ஆட்சிதானே? அமெரிக்கா மாதிரி மறைச்சு வெச்சுக்க விட்டா திருடன் பயப்படுவானே!'ங்கறீங்களா? ஜான் லாட் என்ற பொருளாதார ஆய்வாளர் 1990-களில் அப்படித்தான் சொன்னார். ஆனா, ஜான் டோனஹியூ குழுவின் 2019 ஆய்வுக் கணக்கு வேற: அந்தச் சட்டம் வந்து பத்து வருஷத்தில், வராமல் இருந்திருந்தால் இருக்கக்கூடியதைவிட வன்முறைக் குற்றங்கள் 13 முதல் 15 சதவிகிதம் அதிகம்!

சொர்க்கவாசல் கூட்டத்துல ஒருத்தன் செயினை அறுத்துட்டு ஓடறான். பத்துப் பேர் இடுப்புலேர்ந்து பிஸ்டலை உருவினா, யார் திருடன்னு குண்டுக்குத் தெரியுமா பாஸ்?