சித்திரமும் சிட்டையும்

“ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்” என்ற பழமொழியைச் சென்ற மாதம் ஒரே மாலையில் நாலு தடவை கேட்கும் பாக்கியம் நமக்குக் கிடைத்தது. இடம், சிவகாசியில் நம் தங்கை வீடு. சொன்னவர், தங்கையின் கணவர். கேட்டுக்கொண்டு தலை குனிந்திருந்தவள், அவருடைய புதல்வி, நமக்கு மருமகள்.

விஷயம் இதுதான். பிளஸ் டூ தேறியிருக்கும் அந்தப் பெண், கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிக்குப் போய்ச் சித்திரம் பயில வேண்டும் என்கிறாள். தகப்பனார், உள்ளூரிலேயே பி.காம். படித்தால் போதும் என்கிறார். நடுவில் அகப்பட்டுக்கொண்ட தங்கை, “இரண்டையும் சேர்த்துப் படித்தால் என்ன?” என்று கேட்டுவிட்டாள். அங்கேதான் ஆறும் சேறும் வந்து சேர்ந்தன. பஞ்சாயத்துக்கு விருதுநகரிலிருந்து நம்மை வரவழைத்தார்கள்.

மாப்பிள்ளையைக் கலையின் பகைவர் என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. அவர் ஒரு பட்டாசு ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். அவருடைய தாயார் முப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கி, மிச்ச நேரத்தில் வீட்டில் பெட்டி ஒட்டி, அந்தக் கூலியில் மகனைப் படிக்கவைத்தார். அக்குடும்பத்தின் முதல் பட்டதாரி அவர்தான். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் கூலி இல்லை என்னும் வாழ்வைக் கண்ணாரக் கண்டவருக்கு மாதச் சம்பளம் என்பது சாமானியமான பொருள் அன்று. தாம் பள்ளிப் படிப்பை இடையிலே விட நேர்ந்த விருதுநகர்க் காமராஜர், முதலமைச்சரானதும் ஊர்தோறும் பள்ளிக்கூடம் திறந்தது இத்தகைய குடும்பங்களுக்காகத்தானே? ஆகவே மாப்பிள்ளையின் அச்சம் கோழைத்தனம் அன்று; அனுபவம்.

“மச்சான், நீங்களே சொல்லுங்கள். படம் சோறு போடுமா?” என்றார்.

“சிவகாசியில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது, மாப்பிள்ளை?” என்றோம்.

1922-ஆம் வருஷம் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய கதை இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். அந்நியத் தீப்பெட்டியை நம்பியிருந்த தேசத்துக்கு அது பெரிய சுதேசித் தொண்டு. ஆனால் தீப்பெட்டிக்கு லேபில் வேண்டும். லேபிலுக்குப் படம் வேண்டும். படத்துக்கு அச்சாபீஸ் வேண்டும். இப்படித்தான் லித்தோ அச்சு இங்கே வேரூன்றியது. பட்டாசு, காலண்டர் என்று அது கிளை விட, ஊருக்குக் ‘குட்டி ஜப்பான்’ என்ற பெயரும் வந்தது.

பக்கத்துக் கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டைய ராஜுவின் (1898–1976) தெய்வத் திருவுருவங்கள் சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாட்டின் எத்தனை பூஜையறைகளில் குடியேறின! சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற அவர், நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதி ஜீவனம் செய்தார். கம்பெனி கலைந்த பிறகு கோவில்பட்டியிலே தங்கினார். சீடர்கள் புகைப்பட நிலையம் நடத்தினார்கள். காலண்டர் புகழெல்லாம் அதற்குப் பின்புதான். படத்தோடு ஒட்டிய ஏதோ ஒரு தொழில் எப்போதும் அவர்கள் கையில் இருந்தது.

அந்த ஓவியப் பள்ளியை 1850-ல் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டரே ஒரு வைத்தியர். 1966-ல் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் என்னும் ஓவியர் கிராமத்தை நிறுவிய கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணாக்கர்களும், துணியில் ‘பாத்திக்’ வேலை செய்து விற்ற பணத்தைக்கொண்டே அந்த முயற்சிக்கு வழி செய்தார்கள். சங்கீதத்தில் பார்த்தாலோ, 2015-ல் சங்கீத கலாநிதியான சஞ்சய் சுப்ரமண்யன், சார்ட்டர்டு அக்கவுண்டண்ட் தேர்வில் தேறியவர்.

கடைசிப் பெயரைக் கேட்டதும் மாப்பிள்ளை நிமிர்ந்தார். “பார்த்தீர்களா, அவரே கணக்குப் படித்திருக்கிறார்!” என்றார்.

“பார்த்தீர்களா மாமா, கணக்குப் படித்தும் பாட்டை விடவில்லை!” என்றாள் மருமகள்.

ஒரே சாட்சி இரண்டு கட்சிக்கும் அனுகூலமாய்ப் பேசியதை அன்றுதான் கண்டோம்.

மாப்பிள்ளை விடவில்லை. கையால் எழுதிய காலண்டர் படத்தின் இடத்தைக் கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டதே என்றார். உண்மைதான். ஆனால் பட்டாசு மட்டும் நிலையானதா? 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்ததை அடுத்து ஆலைகள் மாதக் கணக்கில் மூடிக் கிடந்தனவே, அப்போது சிட்டையில் என்ன வரவு எழுதினீர்கள் என்று கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. படம் நிச்சயமில்லை, கணக்கும் அவ்வளவு நிச்சயமில்லை. அப்படியானால் இரண்டையும் கற்பது பேராசை அன்று, விவேகமே.

இரண்டு பட்டம் ஒரே சமயத்தில் செல்லுமா என்ற சந்தேகம் எழுந்தது. செல்லும். 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கு அனுமதி அளித்தது. நேரில் படிக்கும் இரண்டு படிப்பானால் வகுப்பு நேரங்கள் மோதக் கூடாது. அல்லது ஒன்றை நேரிலும் மற்றொன்றை அங்கீகாரம் பெற்ற தொலைநிலைக் கல்வியிலும் படிக்கலாம். சித்திரத்துக்கு நாலு வருஷம், பி.காமுக்கு மூன்று வருஷம். சுலபமென்று நாம் சொல்லவில்லை. பரீட்சையும் படக் கண்காட்சியும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். தூக்கம் குறையும்.

“அதற்குத்தான் சொல்கிறேன். முதலில் பி.காம். முடிக்கட்டும். சித்திரம் எங்கே ஓடிப்போகிறது?” என்றார் மாப்பிள்ளை.

இங்கே நம் கதையையும் சொல்லியாக வேண்டும். நமக்கும் பதினெட்டு வயதில் சித்திரப் பைத்தியம் இருந்தது. “முதலில் பட்டம், பிறகு படம்” என்று வீட்டில் தீர்ப்பாயிற்று. பட்டம் வாங்கினோம். பிறகு உத்தியோகம், பிறகு கல்யாணம், பிறகு வீட்டுக் கடன். படத்துக்கு உரிய ‘பிறகு’ மட்டும் வரவேயில்லை. போன தீபாவளிக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பழைய வர்ணப் பெட்டி அகப்பட்டது. திறந்து பார்த்தோம். குழாய்கள் எல்லாம் கல்லாய் இறுகியிருந்தன. யார்மீதும் நமக்கு வருத்தமில்லை. அந்தப் பட்டம் நம்மை ஒரு நாளும் பட்டினி போட்டதில்லை. ஆனால் பெட்டியை மூடுவதற்குச் சற்று நேரம் ஆயிற்று.

ருஷ்யாவின் காண்டின்ஸ்கி சட்டம் படித்து, முப்பதாம் வயதில், 1896-ல், ஓவியம் கற்கப் புறப்பட்டு உலகப் புகழ் பெற்றார். அப்படிப் புறப்பட்டவரின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. புறப்படாமலே இருந்துவிட்டவர்களின் வர்ணப் பெட்டிகள் எத்தனை வீட்டுப் பரண்களில் கிடக்கின்றனவோ!

இதுவரை பேசாதிருந்த மாப்பிள்ளையின் தாயார் அப்போது வாய் திறந்தார். தீப்பெட்டி லேபில்களில் அழகானவற்றைப் பொறுக்கிச் சேர்த்து, பேத்திக்குச் சிறு வயதிலே கொடுத்தவர் அவர். அவள் முதன்முதலில் பார்த்து வரைந்த படங்கள் அவைதாம்.

“ஆபீஸ் வண்டி விடியுமுன்னே வந்துவிடும். அதற்கும் முன்னால் எழுந்து, வாசலில் கோலம் போட்டுவிட்டுத்தான் நான் வண்டி ஏறுவேன். வேலை முடிந்து வந்து போடலாம் என்று இருந்திருந்தால், இந்த வாசலில் ஒரு நாளும் கோலம் விழுந்திருக்காது. பிள்ளை இப்போதே படிக்கட்டும், தம்பி” என்றார்.

நாம் வளைத்து வளைத்துச் சொல்ல முயன்றதை அந்த அம்மாள் கோலப் பொடியால் எழுதிக் காட்டிவிட்டார். காவலுக்கென்று ஒரு படிப்பை வைத்துக்கொள்வதில் தவறில்லை. காவற்காரன் வீட்டையே எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாளின் முதல் மணி நேரம் எதற்குக் கிடைக்கிறதோ, அதுவே வளரும். மிச்ச நேரத்துக்குத் தள்ளப்பட்டது, பெரும்பாலும் மிஞ்சுவதில்லை.

முடிவு இதுதான்: கும்பகோணத்தில் சித்திரம், தொலைநிலையில் பி.காம். மருமகள் ஒரு வாக்குக் கொடுத்தாள். கணக்குப் பரீட்சை எதையும் தவறவிடமாட்டாள். நாம் மாப்பிள்ளையிடம் ஒரு வாக்கு வாங்கினோம், மகள் படம் எழுதும் நேரத்தில் “கணக்குப் படித்தாயா?” என்று அவர் கேட்கக் கூடாது.

பஸ் நிலையம் வரை வழியனுப்ப வந்தார் மாப்பிள்ளை. பழமொழியை ஐந்தாம் முறை சொல்வாரோ என்று பார்த்தோம். அவரோ, “மச்சான், விருதுநகரிலிருந்து கும்பகோணத்துக்கு எந்த ரயில் சௌகரியம்?” என்று விசாரித்தார்.