விடியட்டும், பிறகு தொட்டுப் பார்

கோழியின் இரைப்பை நிறைந்திருப்பது நோய் அல்ல. நிறைந்தது நிறைந்தபடியே விடிந்தால்தான் நோய். வீட்டுக்கோழி வளர்க்கிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது. கோழி அடையும் நேரத்தில் கழுத்தடியில் கை வைத்தால் உள்ளங்கை நிறைய ஒரு புடைப்பு இருக்கும். பகலெல்லாம் பொறுக்கித் தின்றது அங்கே சேர்ந்திருக்கிறது. அதைத் தொட்டுப் பயந்துபோய், "அத்தாச்சி, இரைப்பை அடைச்சுக்கிச்சு" என்று இருட்டில் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்த நேரத்தில் நான் எந்த மருந்தும் கொடுப்பதில்லை. "தனியாப் பஞ்சாரத்துல கவுத்து வை. இரை போடாத, தண்ணி மட்டும் வை. விடியட்டும், பாப்போம்" என்பேன். பல கோழிகளுக்கு வைத்தியம் அதோடு முடிந்துவிடும்.

இந்தப் பை வயிறு அல்ல. உணவுக்குழாயே ஓரிடத்தில் விரிந்து, கழுத்து மார்போடு சேரும் இடத்தில் வலப்பக்கமாகத் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. தின்றது இங்கே ஊறும், இளகும், கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். கீழே முதலில் செரிமான நீர் சுரக்கும் வயிறு, அடுத்து அரைவைப்பை. கோழி விழுங்கிய பொடிக்கற்கள் அந்த அரைவைப்பையில் கிடந்து தானியத்தை அரைக்கின்றன. அது அரைத்துத் தள்ளினால்தான் மேலே இருப்பதற்கு இடம் கிடைக்கும். கண்மாயில் மடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் மேலேதானே தேங்கும். இரைப்பை வீங்கியிருக்கிறது என்பதற்காகக் கோளாறும் இரைப்பையில்தான் என்று முடிவுகட்டக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

தொடுவதற்கும் ஒரு முறை உண்டு. இரை போடுமுன், பஞ்சாரத்தைத் திறந்ததும் கோழியை எடுத்து, இரண்டு இறக்கையும் அடங்க இடது கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். வலது கையின் மூன்று விரல்களால் இறகை விலக்கித் தடவ வேண்டும். நல்ல கோழிக்கு அந்த நேரத்தில் அங்கே ஒன்றும் இருக்காது. தோல் தளர்ந்து, சில சமயம் நாலு மணல் பருக்கை மட்டும் விரலில் நெருடும். உருண்டையாகக் கெட்டிப்பட்டு, அழுத்தினாலும் அமுங்காமல் இருந்தால் அடைப்பு. அழுத்திய இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றால், அதிகமாகத் தின்ற தானியமோ சோறோ ஊறிக் களியாகக் கிடக்கிறது. தண்ணீர் தளும்புவதுபோல் இருந்து, அலகைத் திறந்தால் புளித்த வாடை குப்பென்று வந்தால் அது வேறு வியாதி. இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்து ஒரே மருந்தைக் கொடுப்பதால்தான் நல்ல கோழிகளும் போய்விடுகின்றன.

கெட்டிப்பட்ட அடைப்புக்கு வைக்கோல், நீளமான காய்ந்த புல், தேங்காய் நார் ஆகியவைதான் பழைய காரணங்கள். இப்போது அரிசிச் சாக்கின் பிளாஸ்டிக் நூலும் சேர்ந்துகொண்டது. சாக்கைப் பிரித்து நூலை வாசலில் போட்டுவிடுகிறோம். புழு என்று நினைத்துக் கோழி அதை இழுத்து விழுங்குகிறது. நூல் உள்ளே சுருண்டு, அடுத்தடுத்து வரும் இரையையெல்லாம் சேர்த்துக் கட்டிப்போடுகிறது.

இதற்கு நான் செய்வது எளிய வேலைதான். வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம், தேங்காய் எண்ணெய் அரை டீஸ்பூன். ஆனால் கொடுக்கும் விதத்தில் ஒரு உயிர் இருக்கிறது. அலகைத் திறந்து பார்த்தால், நாக்குக்குப் பின்னால் நடுவில் ஒரு சின்னத் துவாரம் திறந்து திறந்து மூடுவது தெரியும். அது மூச்சுக்குழாயின் வாய். எண்ணெய் அதில் இறங்கினால் நேரே நுரையீரலுக்குத்தான். ஆகவே அலகின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டையும் அது விழுங்கும்வரை காத்திருப்பேன். பிறகு விரல் நுனியால் கட்டியின் ஓரங்களை மெல்ல வட்டமாகப் பிசைந்து கொடுப்பேன். ஒரே மூச்சில் அழுத்திக் கரைக்கப் பார்க்கக் கூடாது. சிறிது நேரம் பிசைந்து, கோழியை விட்டுவிட்டு, மூன்று நான்கு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கட்டி இளகத் தொடங்கினால் விரலுக்கே தெரியும்.

தலைகீழாகப் பிடித்து, இரைப்பையை அழுத்தி வாந்தி எடுக்க வைக்கும் பழக்கம் எங்கள் பக்கம் உண்டு. நான் அதைச் செய்வதில்லை, செய்கிறவர்களையும் தடுக்கிறேன். மேலே வரும் நீர் மூச்சுக்குழாயில் ஏறினால் கோழி கையிலேயே துடித்துச் சாகும்.

புளித்த இரைப்பைக்கு எண்ணெயும் பிசைதலும் உதவாது. அங்கே பெருகியிருப்பது கேண்டிடா என்னும் பூஞ்சை. கோழியின் உடல் சூடு ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். தேங்கிப்போன இரை அந்தச் சூட்டில் வெகு சீக்கிரம் புளிக்கும். பூசணம் பிடித்த தீனியாலும் இது வரும், நாள்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் வரும். "ஒரு மாத்திரையப் பொடிச்சுப் போட்டா என்ன அத்தாச்சி?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: நோயைக் கொல்லப் போடும் மாத்திரை, பூஞ்சையை அடக்கி வைத்திருக்கும் நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொன்றுவிடும். பிறகு பூஞ்சைக்குக் கொண்டாட்டம். இதற்கு நிஸ்டாடின் போன்ற பூஞ்சைக்கொல்லி மருந்து வேண்டும். எடை பார்த்து அளவு சொல்ல வேண்டியவர் கால்நடை மருத்துவர். மயில்துத்தத்தைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பதும் பழைய வைத்தியம்தான். அளவு மீறினால் அதுவே விஷம் என்பதால் நான் அதைத் தொடுவதில்லை.

இரண்டு நாளாகியும் கட்டி இளகவில்லை என்றால் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். அங்கே ஒரு செங்கோழிக்கு இரைப்பையைத் திறந்தபோது நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். மரத்துப்போக ஊசி போட்டு, இறகைப் பிடுங்கிச் சுத்தம் செய்து, முதலில் தோலை மட்டும் கீறினார் மருத்துவர். அடியில் மெல்லிய சவ்வாக இரைப்பை தெரிந்தது. ரத்த நாளம் இல்லாத இடமாகப் பார்த்து அதைத் தனியே கீறினார். இடுக்கியால் இழுக்க இழுக்கப் பச்சை நூல் வந்தது, நூலோடு வைக்கோல், வைக்கோலோடு புளித்த நெல். உள்ளே கழுவிவிட்டு இரைப்பையை முதலில் தைத்தார், பிறகு தோலை வேறாகத் தைத்தார். இரண்டையும் சேர்த்து ஒரே தையலாகப் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இரை இறங்குவதே தடைப்படும் என்றார். எங்கள் ஊரில் பிளேடால் கிழித்து, ஊசி நூலால் தைத்து, மஞ்சள் அப்பும் கைகள் உண்டு. பிழைத்த கோழிகளும் உண்டு. ஆனாலும் வலி மரத்துப்போக வழி இருக்கும்போது அது இல்லாமல் ஒரு உயிரைக் கிழிப்பதை என்னால் ஏற்க முடியாது.

இதெல்லாம் இரைப்பையோடு நிற்கிற கோளாறு. அதைவிட முக்கியம், இரைப்பை வெறும் அடையாளமாக நிற்கிற நோய்கள். வெள்ளைக்கழிச்சல் வந்த கோழிக்கும் இரைப்பை இறங்காமல் தங்கும், தூக்கினால் அலகிலிருந்து நீர் வடியும். 1927ல் ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டு அந்த ஊர்ப் பெயரையே பெற்ற நோய் அது. அந்தக் கோழிக்கு இரைப்பையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தால், அதே கையால் மற்ற கோழிகளுக்கும் நோயைக் கொண்டுபோவோம். மேரக் நோயில் நரம்பு செத்து, இரைப்பை வேலை செய்யாமல் தொங்கும். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக் கிடந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும். குடலில் புழு மண்டியிருந்தாலும், முட்டை உள்ளே சிக்கியிருந்தாலும் இரை இறங்காது. அதனால் இரைப்பையைத் தொட்ட கை அங்கேயே நிற்கக் கூடாது. நெஞ்செலும்பு கத்திபோல் துருத்துகிறதா, கொண்டை வெளுத்திருக்கிறதா, எச்சம் பச்சையா வெள்ளையா, அடிவயிற்றில் முட்டை தட்டுப்படுகிறதா என்று வரிசையாகப் பார்த்துவிட்டுத்தான் மருந்தைப் பற்றி யோசிப்பேன்.

வராமல் காப்பதற்குச் செலவு அதிகமில்லை. அடைத்து வளர்க்கும் கோழிக்கு ஒரு சட்டியில் பொடிக்கல் வைக்க வேண்டும். கிளிஞ்சல் ஓட்டுக்குச் சுண்ணாம்பு வேலை, அது உள்ளே கரைந்துவிடும், அரைக்காது. கீரையையும் புல்லையும் பொடியாக நறுக்கிப் போட வேண்டும். தண்ணீர் ஒருபோதும் வற்றக் கூடாது. சாக்கு நூல் கண்ணில் பட்டால் அப்போதே பொறுக்கி எடுக்க வேண்டும். எட்டாவது வாரத்தில் கழிச்சல் தடுப்பூசி போட வேண்டும். ஊசி போட வசதியில்லாத இடங்களுக்காகத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இரையாகவே கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்தையும் உருவாக்கியிருக்கிறது.

கற்றுக்கொடு என்று கேட்டு வருகிற பெண்களிடம் நோய்க்கோழியை நான் முதலில் கொடுப்பதில்லை. நன்றாக இருக்கிற கோழியைக் கொடுத்து, சாயங்காலம் ஒருமுறை, விடிந்ததும் ஒருமுறை தொட்டுப் பார்க்கச் சொல்வேன். எல்லாக் கோழியையும் அப்படிப் பார்த்துப் பழகிய கைக்கு, ஒரு நாள் இரைப்பை இறங்காவிட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும். கோழி வாடி, இறகைச் சிலிர்த்து, மூலையில் ஒதுங்கும்போதுதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு முந்தின ஓரிரு நாளில்தான் எண்ணெயாலும் விரலாலும் காப்பாற்ற முடியும்.