கடைசியில் நிற்பவள்

சென்ற திங்களில் ஒரு மாலை, மணலூர்பேட்டையில், தென்பெண்ணை மணலில் நாங்கள் பதினொருவர் கூடினோம். மகளிர் உரிமைக்கும் சாதி ஒழிப்புக்குமாக அரசிடம் வைக்க வேண்டிய கோரிக்கைகளை வரிசைப்படுத்துவது வேலை. எழுதும் பொறுப்பு என்னுடையது, ஆசிரியையாயிற்றே! முதல் வரியைத் தயங்காமல் எழுதினேன்: "பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு."

தயங்காததற்குக் காரணம் உண்டு. என் பெட்டியில் அன்று ஒரு விடுதலைப் பத்திரம் கிடந்தது. தந்தை மறைந்து ஆண்டு திரும்பவில்லை. பூர்வீக நிலம் இரண்டரை ஏக்கரில் என் பங்கை விட்டுக்கொடுக்கக் கையெழுத்துக் கேட்கிறார் அண்ணன். "உனக்குத்தான் சீர் செய்யப் போகிறோமே!" என்கிறார். சீர் அவர்கள் மனம் வைத்துத் தருவது. பங்கு நான் பிறந்ததால் பெறுவது. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமசொத்துரிமை கேட்டது. தமிழ்நாட்டில் அது சட்டமானது 1989இல். நாடு முழுமைக்கும் 2005இல். அறுபதாண்டு போராடிப் பெற்றதை ஒரு கையெழுத்தில் கரைத்துவிடவா?

மறுநாள் எங்கள் வயலில் நடவு. நாற்றுமுடியுடன் நின்ற ஒரு தாய், ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட குடியிருப்பிலிருந்து வருபவர், என் மாணவியின் அன்னை, என் பட்டியலைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "நல்லதுதான் டீச்சரம்மா. உங்களுக்குப் பங்கு வந்தா எனக்குக் கூலி ஏறுமா?"

வாயடைத்தேன். வரப்பில் நின்றவள் நான். சேற்றில் நின்றவர் அவர். அண்டை வெட்டிய ஆணுக்கு ஒரு கூலி. முதுகு ஒடிய நட்ட அவருக்கு அதனினும் குறைந்த கூலி. சமவேலைக்குச் சமக்கூலி என 1976இலேயே சட்டம் வந்தது. 'அது ஆண்வேலை, இது பெண்வேலை' என்று சொல்லி அதனை ஏய்த்த வயல்களில் எங்கள் வயலும் ஒன்று! அவர் தந்தைக்கோ நிலமே இல்லை. இல்லாத சொத்தில் சமபங்கு எவ்வளவு?

அமெரிக்காவில் 1870இல் கறுப்பின ஆணுக்கு வாக்குரிமை எழுதப்பட்டது. 1920இல் பெண்ணுக்கு எழுதப்பட்டது. கறுப்பினப் பெண்ணோ, தென் மாநிலங்களில் 1965ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை வாசலிலேயே தடுக்கப்பட்டாள். இரண்டு வரிசையிலும் இடம் உண்டு என்றார்கள். இரண்டிலும் கடைசி இடம்!

ஆகவே தோழர்களே, பட்டியலைத் திருத்தினேன். கடைசியில் நிற்பவளுக்கு எது முதல் தேவையோ, அதுவே முதல் கோரிக்கை.

முதலாவது கூலி: நடவும் களையும் அண்டை வெட்டும் ஒரே மதிப்புள்ள வேலை என அறிவிக்க வேண்டும். இரண்டாவது நிலம்: 1892இல் ஒடுக்கப்பட்டோர்க்கென ஒதுக்கப்பட்டுப் பிறர் கைக்குப் போன பஞ்சமி நிலம் மீட்கப்பட்டு, பெண்கள் பெயரில் பட்டாவாக வேண்டும். நிலமற்ற ஆதிதிராவிட, பழங்குடிப் பெண்கள் நிலம் வாங்கப் பாதி விலையை மானியமாகத் தரும் நன்னிலம் திட்டம் 2023இல் வந்தது. நல்லதே, ஆனால் அன்றாடக் கூலிக்காரி மறுபாதிக்கு எங்கே போவாள்? கல்வராயன் மலையில், கணவன் மனைவி இருவர் பெயரிலும் உரிமைப் பட்டா தரச் சொல்லும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஏட்டில் நின்றுவிடலாகாது. மூன்றாவது சொத்துரிமை: பெண் தரும் விடுதலைப் பத்திரத்தை, அவளைத் தனியே விசாரித்து அறிந்த பின்னரே பதிய வேண்டும்.

மூன்றாவது என்றதால் என் உரிமையைக் கைவிட்டேன் என்று எவரும் எண்ண வேண்டா. வரிசை, அரசின் பொருளும் நம் உழைப்பும் முதலில் எங்கே செல்ல வேண்டும் என்பதற்கே. எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதற்கன்று.

பத்திரத்தைக் கையெழுத்திடாமலே அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தேன். "என் பங்கு வேண்டும். அதில் வெட்டுபவருக்கும் நடுபவருக்கும் ஒரே கூலி" என்றேன். அன்று முதல் அண்ணன் என்னுடன் பேசுவதில்லை. வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. ஆயினும் அடுத்த நடவில் அந்தத் தாய் கேட்டால், விடை சொல்ல எனக்கு வாய் இருக்கும்.